விலைச்சீட்டு சொல்லாத விலை

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வரிக்கு முன் 20,000 ரூபாய் விலையுள்ள ஒரு பெட்டிக்கு முன்பு 25,600 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது 23,600 ரூபாய் போதும். 32 அங்குலம் வரையிலான பெட்டிகளுக்கு 2019 ஜனவரியிலேயே வரி 18 விழுக்காடாகிவிட்டது. ஆக, சிறிய பெட்டிக்கும் பெரிய பெட்டிக்கும் வரியில் இருந்த வேறுபாடு அகன்றுவிட்டது. நடுத்தரக் குடும்பம் தயங்கி நின்ற 43 அங்குலப் பெட்டி, இன்று மாதத் தவணையில் எளிதாக வீடு வந்து சேர்கிறது.

வரிக்குறைப்பு வரவேற்கத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆனால், தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவது குறித்த நம் விவாதம் முழுவதும் விலை, அங்குலம், தள்ளுபடி என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பெட்டியை வீட்டில் உள்ள எல்லோராலும் இயக்க முடியுமா, எத்தனை ஆண்டுகள் அது ஒழுங்காக வேலை செய்யும், நாம் பார்ப்பதை அது யாருக்குச் சொல்கிறது என்ற மூன்று கேள்விகள் விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை. ஒரு பெட்டி உண்மையிலேயே மலிவானதா என்பதை இந்த மூன்றுமே தீர்மானிக்கின்றன என்று கருதுகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு தனி அனுபவம் உண்டு. 2006-இல் அமைந்த திமுக அரசு, 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை விலையில்லாமல் வழங்கியது. கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அவை சென்று சேர்ந்தன. அந்தத் திட்டத்தின் அரசியல் குறித்து மாற்றுக் கருத்துகள் இருக்கலாம். ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் அந்தப் பெட்டியை முதல் நாளிலேயே இயக்கினார் என்பதை மறுப்பதற்கில்லை. பொத்தானை அழுத்தினால் படம் வந்தது. எண்ணை அழுத்தினால் அலைவரிசை மாறியது. இன்று நாம் வாங்குவது தொலைக்காட்சி என்ற பெயரில் வரும் ஒரு கணினி. அதற்கு இயங்குதளம் உண்டு, நினைவகம் உண்டு, கடவுச்சொல் உண்டு. கணினியைப் போலவே அதற்கு முதுமையும் விரைவில் வருகிறது.

திரைகளின் உற்பத்திச் செலவு குறைந்ததே விலை சரிந்ததற்கு முதன்மைக் காரணம். ஆனால் அது மட்டும் காரணமன்று. அமெரிக்காவின் விசியோ என்ற தொலைக்காட்சி நிறுவனத்தை வால்மார்ட் 230 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்து, அந்த ஆண்டின் இறுதியில் வாங்கி முடித்தது. ஒரு சில்லறை வணிக நிறுவனத்துக்குத் தொலைக்காட்சித் தயாரிப்பில் என்ன ஆர்வம்? விசியோவின் ஆதாயம் பெட்டி விற்பனையிலிருந்து வரவில்லை. திரையில் தோன்றும் விளம்பரங்களையும் பார்வையாளர் தரவுகளையும் கையாளும் பிரிவிலிருந்தே வந்துகொண்டிருந்தது. ரோக்கு நிறுவனமும் தன் கருவிகளை நட்டத்துக்கு விற்று, விளம்பரத்தில் ஈட்டுகிறது. பெட்டியை அடக்க விலைக்கோ அதற்கும் கீழோ விற்றுவிட்டு, பிறகு அதன் முகப்புத் திரையை வாடகைக்கு விடுவது இன்று உலகளாவிய வணிக முறை. குறைந்த விலையின் ஒரு பகுதியை நாம் பிற்பாடு, நம் கவனத்தையும் தகவல்களையும் கொண்டு செலுத்துகிறோம்.

இந்தத் தகவல் திரட்டல் கற்பனை அச்சம் அன்று. திரையில் ஓடும் காட்சியின் சிறு சிறு அடையாளங்களை எடுத்து, ஒரு தரவுத்தளத்துடன் ஒப்பிட்டு, வீட்டில் என்ன பார்க்கப்படுகிறது என்பதைத் தானாகவே கண்டறியும் நுட்பம் பல ஸ்மார்ட் டிவிகளில் உள்ளது. கேபிள் செட்-டாப் பாக்ஸ் வழியாகப் பார்த்தாலும் அது இயங்கக்கூடும். உரிய ஒப்புதலின்றி 1.1 கோடி பெட்டிகளிலிருந்து இத்தகைய தரவுகளைத் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2017-இல் விசியோ 22 லட்சம் டாலர் செலுத்தி உடன்பாட்டுக்கு வந்தது. 2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநில அரசு தலைமை வழக்குரைஞர், இதே நுட்பத்தின் பேரில் சோனி, சாம்சங், எல்ஜி, ஹைசென்ஸ், டிசிஎல் ஆகிய ஐந்து நிறுவனங்கள் மீது வழக்குத் தொடர்ந்தார். குற்றச்சாட்டுகளை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆயினும், இந்தியக் கடைகளிலும் அன்றாடம் விற்பனையாகும் பெயர்கள் இவற்றில் உள்ளன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கை செய்யப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. அதுவரை, பெட்டியை முதன்முதலாக இயக்கும்போது வரும் நீண்ட ஒப்புதல் பக்கங்களே நம் பாதுகாப்பு அரண். அந்தப் பக்கங்களைப் பெரும்பாலும் பெட்டியைப் பொருத்த வரும் ஊழியர்தான் வீட்டுக்காரரைக் கேட்காமலே 'சம்மதம்' என்று அழுத்தி முடிக்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு அன்றைக்கு இன்னும் நான்கு வீடுகள் காத்திருக்கும். அந்த ஐந்து நிமிடம் ரிமோட் நம் கையில் இருக்க வேண்டும் என்பதே நான் கூற விழைவது. பார்வைத் தகவல், விளம்பரத் தனிப்பயனாக்கம் ஆகியவற்றுக்கான ஒப்புதலை மறுத்தாலும் பெட்டி பொதுவாக வேலை செய்யும்.

முகப்புத் திரையில் எது இருக்க வேண்டும் என்பதை வாங்குபவர் மட்டுமல்ல, பெட்டியைத் தயாரிப்பவர்கூட முழுமையாகத் தீர்மானிக்க முடிவதில்லை. ஆண்ட்ராய்டு டிவி தொடர்பான வழக்கில், 2025 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுடன் ஓர் உடன்பாட்டை ஏற்றது. கூகுள் 20.24 கோடி ரூபாய் செலுத்தியது. தன் செயலிகளை ஒரு தொகுப்பாக முன்பே நிறுவ வேண்டும் என்ற கட்டாயமின்றி, செயலிக் கடைக்கு மட்டும் கட்டணத்தின் பேரில் உரிமம் வழங்கவும் அது ஒப்புக்கொண்டது. போட்டிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஏற்கப்பட்ட முதல் உடன்பாடு இது. தயாரிப்பாளர்களுக்குக் கிடைத்துள்ள இந்தச் சுதந்திரம், எளிய, குழப்பமில்லாத பெட்டியாக நம் வீட்டுக்கு வந்து சேருமா என்பது வாங்குபவர்கள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

எளிமை என்பது ஆடம்பரத் தேவையன்று. அண்மையில் ஒரு விற்பனைக்கூடத்தில், மகனுடன் வந்திருந்த எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், படத்தின் துல்லியத்தை விவரித்துக்கொண்டிருந்த விற்பனையாளரை இடைமறித்து, "தம்பி, கரண்ட் போய்த் திரும்ப வந்தா கேபிள் தானா வந்துடுமா, இல்ல ஒவ்வொரு தடவையும் பேரன் வந்து வச்சுக் கொடுக்கணுமா?" என்று கேட்டார். "அதெல்லாம் செட்டிங்ல இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு விற்பனையாளர் மீண்டும் துல்லியத்துக்குத் திரும்பினார். அந்த இடத்தில் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி அதுதான். பகலெல்லாம் தனியே இருக்கும் முதியவருக்குத் தொலைக்காட்சி ஒரு துணை. அதை இயக்கப் பிறர் உதவியை நாட வேண்டியிருப்பது ஒரு சிறிய சுதந்திரத்தை இழப்பதாகும். பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீடுகளில் அந்த இழப்பு இன்னும் பெரிது.

எனவே, கடைக்குச் செல்லும் முன் விடை காண வேண்டியவை சில. முதலாவது, ரிமோட். இணையத் திரைத் தளங்களின் பெயர் பொறித்த பொத்தான்களுக்கு இடம் தந்துவிட்டு, எண் பொத்தான்களை நீக்கிவிட்ட ரிமோட்டுகள் பெருகிவிட்டன. அந்த இடங்கள் வணிக ஒப்பந்தங்களால் ஒதுக்கப்படுபவை. வீட்டில் மிக மூத்தவரைக் கடைக்கு அழைத்துச் சென்று, ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, ஒலியைக் கூட்டவும் அலைவரிசையை மாற்றவும் சொல்லுங்கள். மின்சாரம் வந்ததும் முகப்புப் பக்கத்துக்குச் செல்லாமல், கடைசியாகப் பார்த்த செட்-டாப் பாக்ஸ் இணைப்பிலேயே பெட்டி தொடங்குமாறு அமைக்க முடியுமா என்று கேட்டு, அதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். கூகுள் டிவி இயங்குதளத்தில், இணையச் செயலிகள் இல்லாத 'அடிப்படைத் தொலைக்காட்சி'யாகவும் பெட்டியை அமைத்துக்கொள்ள வழியுண்டு. விற்பனையாளர்கள் இதை அரிதாகவே சொல்கிறார்கள்.

இரண்டாவது, அளவும் துல்லியமும். நான்கைந்து அடி தொலைவிலிருந்து பார்க்கும் சிறிய அறைக்கு 32 அங்குலம் போதும். ஆறு முதல் எட்டு அடி வரை தொலைவு இருக்கும் கூடத்துக்கு 43 அங்குலம் பொருந்தும். அதற்கு மேல் செல்லும் முன் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கேபிளில் வரும் சாதாரணத் தர அலைவரிசைகள் பெரிய திரையில் மங்கலாகவே தெரியும். 4கே திரை வாங்கிவிட்டதால் பழைய ஒளிபரப்பு துல்லியமாகிவிடாது. கடையில் ஓடும் விளம்பரப் படத்தை நம்பாமல், ஒரு சாதாரண அலைவரிசையைப் போடச் சொல்லிப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நின்றும் பார்க்க வேண்டும். சில திரைகள் நேராகப் பார்க்கும்போது அழகாகவும், ஓரத்திலிருந்து பார்க்கும்போது வெளிறியும் தெரியும். குடும்பமாகத் தரையிலும் நாற்காலியிலும் பரவி அமர்ந்து பார்க்கும் நம் கூடங்களுக்கு இது முக்கியம்.

மூன்றாவது, நினைவகம். மலிவான 32 அங்குலப் பெட்டிகளில் 1 ஜிபி நினைவகம் மட்டுமே இருப்பது வழக்கம். முதல் ஆண்டில் ஒழுங்காக இயங்கும் பெட்டி, செயலிகள் புதுப்பிக்கப்படுகையில் தடுமாறத் தொடங்கும். 4கே பெட்டியில் குறைந்தது 2 ஜிபி இருப்பது நல்லது. ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகச் செலவாகுமானால், அதை அங்குலத்தில் போடுவதைவிட நினைவகத்தில் போடுவது அறிவுடைமை.

எவ்வளவு நினைவகம் இருந்தாலும், மென்பொருள் ஆதரவு நின்றுவிட்டால் பெட்டியின் 'ஸ்மார்ட்' தகுதி முடிந்துவிடும். 2010, 2011 காலத்தைச் சேர்ந்த சில சாம்சங் ஸ்மார்ட் டிவிகளில் 2019 டிசம்பர் முதல் நெட்ஃபிளிக்ஸ் இயங்காமற்போனது. திரை பழுதாகவில்லை, ஒலி பழுதாகவில்லை; மென்பொருள் மட்டும் காலாவதியானது. திரைக்குப் பத்தாண்டு ஆயுள் இருக்க, அதற்குள் இருக்கும் கணினிக்கு அதில் பாதிதான் என்றால், வாங்குபவர் எதற்கு விலை கொடுக்கிறார்? இதற்கு நடைமுறைத் தீர்வு ஒன்றுண்டு. நல்ல திரையுள்ள பெட்டியை வாங்கி, அதை இணையத்துடன் இணைக்காமல் வைத்து, இணைய நிகழ்ச்சிகளுக்குத் தனியே ஒரு ஸ்டிக் செருகிக்கொள்ளலாம். ஸ்டிக் பழசானால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஸ்டிக்கும் தகவல் திரட்டக்கூடியதே; ஆனால் சில ஆயிரம் ரூபாய்ப் பொருளைத் தூக்கி எறிவதும், இருபதாயிரம் ரூபாய்ப் பெட்டியைத் தூக்கி எறிவதும் ஒன்றல்ல. வேலை செய்யும் பெட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், புதியது வாங்கும் முன் இந்த வழியையே முதலில் சிந்திக்க வேண்டும்.

தனிநபர் எச்சரிக்கை ஓர் எல்லை வரைதான் உதவும். எத்தனை ஆண்டுகள் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்று கடையில் கேட்டால், விற்பனையாளரிடம் பதில் இருக்காது. பெட்டியின் மீதும் அச்சிடப்பட்டிருக்காது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், இணையத்துடன் இணையும் நுகர்வுப் பொருள்களுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்கிறது. அது கால அளவை விதிக்கவில்லை. சொல்லும்படி மட்டுமே கேட்கிறது. அந்த ஒரு சொல் வாங்குபவர் கைக்கு ஓர் அளவுகோலைத் தருகிறது.

இந்தியாவுக்கு இது புதிய பாதையன்று. மின் சிக்கனத்துக்கு நட்சத்திர முத்திரை ஒட்டும் நடைமுறை நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி வாங்கச் செல்பவர் இன்று எத்தனை நட்சத்திரம் என்று தாமாகவே கேட்கிறார். பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. கழிவைத் திரட்டுவதற்கு விதி வகுத்த அரசு, நன்றாக ஓடும் திரைகள் மென்பொருளால் கழிவாவதைத் தடுக்கவும் ஒரு வரி சேர்க்கலாம். 'மென்பொருள் ஆதரவு இந்த ஆண்டு வரை' என்ற அறிவிப்பையும், 'பார்வைத் தகவல் திரட்டப்படும் அல்லது திரட்டப்படாது' என்ற அறிவிப்பையும் விலைக்கு அருகிலேயே, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் அச்சிடக் கட்டாயப்படுத்துவது பெரிய சீர்திருத்தமன்று. ஓர் ஒட்டுச்சீட்டு அளவே ஆன செயல்.

வரிக்குறைப்பால் மிஞ்சிய 2,000 ரூபாய், ஐந்தாண்டுக்குப் பதில் மூன்றாண்டிலேயே இன்னொரு பெட்டி வாங்க நேர்ந்தால் தடமின்றிக் கரைந்துவிடும். 23,600 ரூபாய்ப் பெட்டி ஐந்தாண்டு ஓடினால் ஆண்டுக்கு 4,720 ரூபாய். மூன்றே ஆண்டில் ஓய்ந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,870 ரூபாய். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வாங்குபவருக்கு வேண்டியது ஓர் எண் மட்டுமே. அதை அவர் கையில் தரும் பொறுப்பு, வரியைக் குறைத்த அரசுக்கே இருக்கிறது.