லெஃப்ட்ல திரும்பாதீங்க பாஸ்!

யு.பி.எஸ்.னு சொன்னதும் கரன்ட் போனா 'பீப் பீப்'னு கத்துமே, அந்தப் பெட்டிதானே ஞாபகம் வருது? இது வேற யு.பி.எஸ்! 'யுனைடெட் பார்சல் சர்வீஸ்'. அமெரிக்காவுல பிரவுன் கலர் வேன்ல வந்து, வீட்டு வாசல்ல பார்சலை வெச்சுட்டுப் போற கம்பெனி. 1907-ல் சியாட்டில் நகரத்தில் 19 வயசு ஜிம் கேஸி, 100 டாலர் கடன் வாங்கி ஆரம்பிச்சது. அப்போ டெலிவரி எல்லாம் நடந்தும் சைக்கிள்லயும்தான். (19 வயசுல நாம அரியர் எண்ணிட்டு இருந்தோம்... சரி, விடுங்க!)

இந்த வேன் டிரைவர்கள்கிட்ட ஒரு விசித்திரப் பழக்கம். முடிஞ்சவரைக்கும் இடதுபக்கம் திரும்ப மாட்டாங்க. வாஸ்து எல்லாம் இல்லை பாஸ், சுத்தமான இன்ஜினீயரிங்!

அமெரிக்காவுல ரோட்டோட வலதுபக்கமா வண்டி ஓட்டுவாங்க. அங்கே இடதுபக்கம் திரும்பணும்னா, எதிர்ல வர்ற வண்டியெல்லாம் போற வரைக்கும் காத்திருக்கணும். நம்ம ஊர்ல வலதுபக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டுட்டு நிப்போமே, அதே கதை. நிக்கிற நேரமெல்லாம் இன்ஜின் ஓடும், எரிபொருள் எரியும், புகை வரும். விபத்துக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. அதனால வலது, வலதுன்னே திரும்பிப் போற மாதிரி ரூட் போட்டாங்க. கொஞ்சம் சுத்துதான். ஆனா, மொத்தக் கணக்குல லாபம்!

அடுத்த கட்டம்தான் நமக்கெல்லாம் சுவாரஸ்யம். அல்காரிதம் பேப்பர்ல 'டிராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம்' படிச்சிருப்பீங்க. 'இதெல்லாம் எங்கேப்பா யூஸ் ஆகப்போகுது'ன்னு கடைசி பெஞ்ச்ல தூங்கியும் இருப்பீங்க. இதோ, இங்கேதான் யூஸ் ஆகுது!

5 வீட்டுக்கு டெலிவரி பண்ணணும்னா, எந்த வீடு முதல்ல, எது அடுத்ததுன்னு 120 விதமா வரிசைப்படுத்தலாம். 10 வீடுன்னா 36,28,800 விதம். ஒரு நாளைக்கு 120 வீடுன்னா? விடையில 199 இலக்கம் வரும்! அத்தனையையும் ஒவ்வொண்ணா போட்டுப் பார்க்க எந்தக் கம்ப்யூட்டராலும் முடியாது. அதனால 'இதுதான் பெஸ்ட்'னு அடம்பிடிக்காம, 'இது போதுமான அளவு நல்ல ரூட்'னு கண்டுபிடிக்க ஒரு சாஃப்ட்வேர் எழுதினாங்க. பேர் 'ஓரையன்'. அமெரிக்காவுல சுமார் 55,000 ரூட்களுக்கு இது வந்துச்சு. ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறையோட பெரிய பரிசான ஃப்ரான்ஸ் எடல்மன் விருதும் 2016-ல் கிடைச்சது.

எல்லாரும் உடனே கைதட்டலை. வருஷக்கணக்கா அதே தெருவுல சுத்தின டிரைவர்கள் சிலருக்கு மெஷின் வழி சொன்னது பிடிக்கலை. நியாயம்தானே? எந்தத் தெரு எந்த நேரத்துல அடைச்சுக்கும்னு அவங்களுக்குத்தானே தெரியும்!

ஆனாலும் கம்பெனி சொல்ற கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு 16 கோடி கிலோமீட்டர் பயணம் மிச்சம். பூமியிலிருந்து சூரியனுக்கே தூரம் 15 கோடி கிலோமீட்டர்தான்! எரிபொருள் 3.8 கோடி லிட்டர் மிச்சம். கார்பன் டை ஆக்ஸைடு 1 லட்சம் டன் குறைவு. பணமும் மிச்சம்: ஒவ்வொரு டிரைவரும் தினமும் ஒரு மைல் குறைச்சா, வருஷத்துக்கு 5 கோடி டாலர் வரைக்கும்!

'அப்போ பூமியைக் காப்பாத்தியாச்சு'ன்னு கிளம்பிடாதீங்க. ட்விஸ்ட் இனிமேதான். இந்தக் கம்பெனிக்குச் சொந்தமா ஒரு விமானப் படையே இருக்கு. அது விடுற கார்பன்ல பெரும்பங்கு வேன்ல இருந்து வரலை, ஆகாயத்துல இருந்து வருது. 'நாளைக்கே வேணும்'னு கேட்கிற பார்சல் தூர ஊர்ல இருந்து எப்படி வரும்? பறந்துதான் வரும். தெருவுல சொட்டுச் சொட்டா சேமிச்சதை வானத்துல குடம் குடமா கொட்டினா?

மாத்து வழிகளும் சுலபமா அமையலை. 2020-ல் 'அரைவல்' என்கிற பிரிட்டிஷ் கம்பெனிகிட்ட 10,000 எலெக்ட்ரிக் வேன் கேட்டாங்க. 2024-ல் அந்தக் கம்பெனியே திவாலாயிடுச்சு. 2050-க்குள்ள கார்பன் கணக்கை நேர் பண்றோம்னு 2021-ல் வாக்குக் கொடுத்திருக்காங்க. இன்னொரு பக்கம், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துல 2012 முதல் ஊருக்குள்ள ஒரு கன்டெய்னரை நிறுத்திட்டு, அங்கிருந்து நடந்தும் சரக்கு சைக்கிள்லயும் டெலிவரி பண்ணிப் பார்த்தாங்க. 1907-ல் எங்கே ஆரம்பிச்சாங்களோ, அங்கேயே வந்து நின்னிருக்காங்க!

இதுல நமக்கு என்ன வேலைன்னு கேட்கிறீங்களா? 120 வீட்டையும் எந்த வரிசையில சுத்தலாம்னு ஓரையன் சொல்லிடும். அந்த லிஸ்ட்ல நம்ம வீட்டை ஒரே வாரத்துல மூணு தடவை சேர்க்கிறது யாரு? ஒரு போன் கவர், ரெண்டு நாள் கழிச்சு ஒரு சாக்ஸ், அப்புறம் ஒரு பேனா... எல்லாமே 'அவசரம்'! கம்பெனி எதுவா இருந்தாலும், வண்டி நம்ம வாசலுக்கு மூணு தடவை வந்தாகணும்.

இன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல ரூம்மேட்ஸைக் கூப்பிட்டுக் கேளுங்க: 'யாருக்கு என்ன வேணும், அவசரம் இல்லைன்னா ஒரே ஆர்டரா போட்டுடலாமா?' நாலு பார்சல் ஒண்ணா வரும். டெலிவரி அண்ணனுக்கும் மூணு தடவை மாடிப்படி மிச்சம்!