முதல் கோல் யாருடையது?

நம் கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவர் யார் என்றால், தூக்கத்தில் கூட கட்டபொம்மன் என்பீர்கள். சுதந்திர இந்தியாவுக்காக ஒலிம்பிக் கால்பந்தில் முதல் கோல் போட்டவர் யார்? விழிக்கிறீர்கள், அல்லவா?

அவர் சாரங்கபாணி ராமன்.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுடன் ஆட்டம். நம் வீரர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் கிடையாது. முதல் கோலைப் பிரான்ஸ் போட்டது. 70ஆவது நிமிடத்தில் ராமன் பந்தை வலைக்குள் அனுப்ப, 1-1! ஆட்டம் முடியும் நேரத்தில் இன்னொரு கோல் போட்டு பிரான்ஸ் வென்றுவிட்டது. நமக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகியிருந்தன.

இன்றும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வெறுங்காலையும் வீணான பெனால்டிகளையும்தான் சொல்கிறார்கள். போடாத கோலுக்கு இத்தனை பேச்சு, போட்ட கோலுக்கு ஒரு வரி கூட இல்லை. இது என்ன நியாயம்? பூட்ஸ் போட்ட பிரான்சுக்கு எதிராக அந்தக் கோல் சும்மா வந்ததா?

உங்கள் பள்ளி விநாடி வினாவில் ராமன் பெயரைக் கேள்வியாகச் சேருங்கள். கூடவே இன்னொன்று: ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கடைசியாகப் போட்ட கோல், 1960 ரோமில், பெருவுக்கு எதிராக. போட்டவர் யார்?

விடை: சைமன் சுந்தர்ராஜ்.