களி தொண்டையில் நிற்கும்போது

திருத்தணியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கேழ்வரகுக் களி உழைப்பவரின் உணவு. ஆந்திர எல்லையைத் தாண்டினால் சங்கடி என்று பெயர் மாறுமே தவிர, உண்ணும் முறை பெரிதும் மாறுவதில்லை. சூடான உருண்டையிலிருந்து சிறிது கிள்ளி, கீரைக் கடைசலிலோ குழம்பிலோ தோய்த்து, மெல்லாமல் விழுங்குவதே வழக்கம். களியை மென்று தின்பவரைக் கண்டு பெரியவர்கள் நகைப்பதும் உண்டு. மெல்லாமல் விழுங்கப்படும் உணவாகையால், தொண்டையிலோ உணவுக்குழாயிலோ கோளாறு தலைகாட்டும்போது அதனை முதலில் அறிவிப்பது பல வீடுகளில் களியாகவே இருக்கிறது.

அவ்வறிவிப்புக்கு வீட்டார் தரும் மறுமொழி ஏறக்குறைய ஒன்றே. களியை நிறுத்திக் கூழ் தருகிறார்கள். கூழும் தடைபட்டால் கஞ்சி. கஞ்சியும் இறங்காதபோது பால். "வயதாகிவிட்டது, இனி இப்படித்தான்" என்று முதியவரும் சொல்லிக்கொள்கிறார். அன்பினால் செய்யப்படும் இம்மாற்றத்தைக் குறை கூற மனம் வருவதில்லை. ஆயினும் என் கருத்து இது: உணவை மாற்றிய நாளே மருத்துவரிடம் செல்ல வேண்டிய நாள். களியிலிருந்து கஞ்சிக்கு இறங்கிய ஒவ்வொரு படியும் நோயின் வரலாறு. அதனைச் சமையலறையிலேயே முடித்துவிட்டால், உணவுக்குழாய்ப் புற்றுநோய் போன்ற ஒன்று வளர்வதற்கு நாமே அவகாசம் தந்தவர்களாகிறோம்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். அது உட்புறம் குறுகத் தொடங்கும்போது முதலில் தடைபடுவது கெட்டியான உணவு, பின்னர் குழைந்தது, கடைசியில் தண்ணீர். வாரங்கள் செல்லச் செல்லத் தடை கூடிக்கொண்டே போவதும், உடன் உடல் இளைப்பதும் எண்டோஸ்கோப்பி பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்பதன் அடையாளங்கள். புகைபிடிப்பவர், மது அருந்துபவர், வெற்றிலையோடு புகையிலையும் மெல்லுபவர் ஆகியோர் ஒரு வாரம்கூடக் காத்திருக்கலாகாது. குறுகல் என்றாலே புற்றுநோய் என்று அஞ்சவும் வேண்டியதில்லை. நெடுங்காலம் அமிலம் மேலேறியதால் உண்டான தழும்பாக இருக்கலாம். இரும்புச்சத்துக் குறைவு நீடித்த பெண்களுக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் தோன்றும் மெல்லிய சவ்வாகவும் இருக்கலாம். இவற்றுக்கு நல்ல சிகிச்சை உண்டு. களியும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே ஒருசேரத் தடைபட்டால், குறுகலைவிடத் தசையின் இயக்கக் கோளாறே காரணம் என்று ஐயுறுவோம். உணவு தாராளமாக இறங்கியும், எச்சில் விழுங்கும்போது மட்டும் உருண்டை நிற்பதுபோல் தோன்றினால், அது பெரும்பாலும் அச்சத்துக்குரியதன்று. தடை கழுத்தில் உணரப்பட்டாலும் கோளாறு மார்பின் அடிப்பகுதியில் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். தொண்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது போதாது.

இனி எனக்கு நெடுநாளாக உறுத்தும் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். "மென்மையான உணவு கொடுக்கவும்" என்று மருந்துச் சீட்டுகளில் எழுதப்படுகிறது. அதைப் படிக்கும் மகளோ மருமகளோ என்ன செய்வார்? குழைய வெந்த பொங்கல், கனிந்த வாழைப்பழம், அல்வா, களி, பாலில் நனையாத ரொட்டி என்று தேடித் தருவார். இவை யாவும் மென்மையானவையே. ஆனால் யாவும் ஒட்டுபவை. விழுங்குதலில் இடர் உள்ளவருக்குக் கடினத்தைப் போலவே ஒட்டும் தன்மையும் பகை. பக்கவாதத்துக்குப் பின் நாவின் வலிமை குன்றியவருக்குப் பசைபோன்ற கவளத்தைப் பின்னோக்கித் தள்ளுவது பெரும்பாடு. தள்ளியபின்னும் அதில் ஒரு பகுதி தொண்டையின் குழிவுகளில் தங்கிவிடும். விழுங்கி முடித்ததாக எண்ணி மூச்சை இழுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் நழுவிவிடும். சிலருக்கு அப்போது இருமல்கூட வராது. சில நாள் கழித்துக் காய்ச்சலும் நிமோனியாவும் வந்த பிறகே உண்மை விளங்கும்.

வாயின் ஈரமும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 லிட்டர் உமிழ்நீர் சுரந்து நம் கவளங்களை வழுக்கலாக்குகிறது. முதுமை, கட்டுக்கடங்காத நீரிழிவு, ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் உண்ணும் சில மாத்திரைகள், தலை கழுத்துப் பகுதியில் பெற்ற கதிர்வீச்சு ஆகியவை வாயை உலர்த்திவிடும். கிருத்திகை விரதமிருந்து, 365 படிகளும் ஏறி, நா வறண்ட நிலையில் கிடைத்த பிரசாதத்தை அள்ளி விழுங்கும் முதியவரை எண்ணிப் பாருங்கள். பிரசாதத்தை மறுக்கச் சொல்ல நான் துணியமாட்டேன். அப்படிச் சொன்னால் கேட்பவரும் இங்கே இல்லை. முதலில் சிறிது தண்ணீரால் வாயை நனைத்து, அமர்ந்து, சர்க்கரைப் பொங்கலைச் சூடான பாலில் தளர்த்தி, பஞ்சாமிர்தமாயின் பேரீச்சை நார்களை ஒதுக்கி, சிறு கரண்டியளவில் உண்டால் போதும். முருகனுக்கு அதில் வருத்தமிராது.

ஜப்பானியர் புத்தாண்டில் உண்ணும் மோச்சி என்னும் அரிசி உருண்டை நம் களியைவிடவும் பசையுடையது. அது தொண்டையில் அடைத்து ஆண்டுதோறும் முதியவர்கள் இறக்கிறார்கள். டோக்கியோ தீயணைப்புத் துறை சிறு துண்டுகளாக நறுக்கி உண்ணுமாறு ஒவ்வோராண்டும் எச்சரிக்கிறது. அவர்களும் மோச்சியைக் கைவிடவில்லை. வழக்கத்தை விடாமலே அதன் வடிவத்தை மாற்றலாம் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

ஓர் உணவு ஒட்டுமா ஒட்டாதா என்பதை வீட்டிலேயே அறியலாம். விழுங்குதல் இடர் உள்ளோரின் உணவைத் தரப்படுத்த 2013-இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சியொன்று பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை வகுத்துள்ளது. அதில் கரண்டிச் சோதனை ஒன்று உண்டு. கரண்டியில் உணவை எடுத்துச் சாய்த்தால், அது உருக்குலையாமல் வழுக்கி விழ வேண்டும். கரண்டியில் மிகச் சிறிதே எஞ்ச வேண்டும். அப்பிக்கொண்டு நின்றால் அது தொண்டையிலும் அப்படியே நிற்கும். சாம்பாரில் நன்கு ஊறி மசிந்த இட்லி இச்சோதனையில் பெரும்பாலும் தேறும். இறுகக் கிண்டிய களி தேறாது. அதையே மோர் விட்டுக் கட்டியின்றிக் கரைத்தால் தேறலாம்.

இன்னொரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். களி நின்றால் ஒரு குவளைத் தண்ணீரை மடமடவென்று குடித்துத் தள்ளுவது நம்மிடையே வழக்கம். குழாய் குறுகியவருக்கு அது சில நாள் பயன்தந்து, நோயை மறைக்கும். பக்கவாத நோயாளிக்கோ தண்ணீரே களியைவிட ஆபத்தானதாகலாம். வேகமாகப் பாயும் நீரைத் தடுக்க அவரது தொண்டை உரிய நேரத்தில் மூடிக்கொள்வதில்லை. நீரும் பருக்கையும் கலந்த பழையசோறும் அவருக்கு எளிதன்று; நீர் ஒரு வேகத்தில் செல்ல, பருக்கை வேறு வேகத்தில் செல்லும். எனவே ஒருவருக்குப் பொருந்திய உணவை மற்றவருக்குப் பரிந்துரைக்காதீர்கள். பக்கவாதமோ பார்க்கின்சன் நோயோ உள்ளவருக்கு எது ஏற்றது என்பதை விழுங்குதல் பயிற்சியாளர் நேரில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

உணவு அடைத்து ஒருவர் பேசவும் இருமவும் இயலாமல் திணறினால் தண்ணீர் தராதீர்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவாதீர்கள். அவரை முன்புறம் சாய்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை ஓங்கித் தட்டுங்கள். விடுபடாவிட்டால் பின்னிருந்து அணைத்து மேல்வயிற்றை உள்நோக்கி மேலாக 5 முறை அழுத்துங்கள். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யுங்கள். உடனிருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

மருத்துவரைக் காண வரும்போது "சாப்பிட முடியவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். களியை எந்த மாதம் நிறுத்தினீர்கள், கூழை எப்போது நிறுத்தினீர்கள், தண்ணீர் குடிக்கும்போது இருமல் வருகிறதா, உண்டபின் குரல் ஈரமாக ஒலிக்கிறதா, பழைய சட்டை தளர்ந்துவிட்டதா என்று சொல்லுங்கள். சமைத்துப் பரிமாறுபவருக்கே இவை நன்கு தெரியும். ஆகையால் அவரையும் உடன் அழைத்து வாருங்கள்.