ஹோகன் சொன்ன வைட்டமினும் நாம் சொல்லும் கம்பங்கூழும்

திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் இருக்கும் அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும், கூடப் படித்தவர்களுக்கும் நியூஜெர்சியிலிருந்து வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊர் வருகிறவர்களில் சிலர் இப்போதெல்லாம் பாதி ஆளாக இளைத்து வந்து நிற்கிறார்கள். கல்யாண வீட்டில் நாலு பேர் சூழ்ந்துகொண்டு எப்படி என்று கேட்டால், காலையில் நடை, ராத்திரி கம்பங்கூழ், அவ்வளவுதான் என்று பதில் வருகிறது. சிலர் விஷயத்தில் அது உண்மையாகவே இருக்கலாம். வேறு சிலர் வீட்டு ஃப்ரிட்ஜில் வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் பேனா ஊசி இருக்கும். நானும் அந்த ஊசி போட்டுக்கொள்கிறவன்தான், மருந்தின் பெயர் செமாக்ளூடைடு. என் எடைக் கதையைச் சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஊசி போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, போட்டுக்கொண்டு கம்பங்கூழ் என்று சொல்வதில்தான் கேடு இருக்கிறது என்பது என் கட்சி. இதற்குச் சாட்சியாக நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கூட்டத்தையே கூப்பிடுகிறேன்: டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்தக்காரர்கள்.

தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இவர்கள் படம் போட்ட ட்ரம்ப் கார்டைப் பற்றி விளக்கவேண்டியதில்லை. உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், ரேங்க் என்று ஒவ்வொரு அட்டையிலும் எண்கள். ரேங்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பெரிய எண் வைத்திருப்பவனுக்கே சீட்டு. யோகோசுனா கையில் வந்துவிட்டால் எடையைச் சொல்லியே அடுத்தவன் கட்டைக் காலிபண்ணலாம். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று அடித்துச் சொல்லாத வகுப்பு தமிழ்நாட்டில் இருந்திருக்காது. நமக்கு முந்தியவர்களுக்கு தாரா சிங்கும் கிங் காங்கும் எப்படியோ, அப்படி நமக்கு இவர்கள். சண்டை நிஜமா, டூப்பா என்று மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறோம். அந்த உடம்பு எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. மார்பளவை அட்டையில் அச்சடித்துக் கொடுத்துவிட்டதால் அது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது போலும்.

டூப் விஷயத்தைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. இதே நியூஜெர்சி மாநிலத்தின் செனட்டில், 1989 பிப்ரவரியில், தாங்கள் நடத்துவது விளையாட்டுப் போட்டியல்ல, பொழுதுபோக்குக் காட்சி என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பு சொன்னது. உண்மை பேசும் ஆசையில் வந்த வாக்குமூலம் இல்லை அது. போட்டி என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் லைசென்ஸ் வேண்டும், மேடையேறுமுன் டாக்டர் சோதிக்கவேண்டும், வரி கட்டவேண்டும். காட்சி என்றால் இந்தத் தொல்லைகள் இல்லை. சண்டையின் ரகசியத்தை வெளியே விட்டு, உடம்பைச் சோதிக்கவந்த டாக்டரை வாசலோடு அனுப்பப் பார்த்தார்கள். டாக்டர் சோதனை இருந்த இடத்தின் யோக்கியதையோ வேறு மாதிரி. பென்சில்வேனியா ஆணையத்தின் சார்பில் மல்யுத்த அரங்குக்கு வந்த டாக்டர் ஜார்ஜ் ஸஹோரியன், சோதிக்கவேண்டிய வீரர்களுக்கே ஸ்டீராய்டு விற்றார். 1991இல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அதே வருடம் மல்யுத்த நட்சத்திரம் ஹல்க் ஹோகன் டிவியில் வந்து, காயத்துக்காக ஏதோ கொஞ்சம் எடுத்ததைத் தவிர ஸ்டீராய்டைத் தொட்டதேயில்லை என்கிற மாதிரி பேசினார். 1994இல் கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மேன் மீது நடந்த ஸ்டீராய்டு வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறியபோதுதான், பல வருடம் எடுத்துக்கொண்டதாக ஒப்புக்கொண்டார். (மெக்மேன் அந்த வழக்கில் விடுதலையானார் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.) அந்த வருடங்களிலெல்லாம் ஹோகன் குழந்தைகளுக்குச் சொல்லிவந்த புத்திமதி என்ன தெரியுமா? உடற்பயிற்சி செய், சாமி கும்பிடு, வைட்டமின் சாப்பிடு. நம் கல்யாண வீட்டுக் கம்பங்கூழ் அந்த வைட்டமினின் உடன்பிறப்பு.

இந்தப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அட்டையில் நாம் பார்த்த முகங்களின் வயதைப் பார்த்தால் தெரியும். ரிக் ரூட் 1999இல் 40 வயதில் போனார். யோகோசுனாவை எடை குறைக்கச் சொல்லிக் கம்பெனி எவ்வளவோ பார்த்தது, நடக்கவில்லை, 1998இல் விலக்கிவிட்டது. 2000இல் லிவர்பூல் நகர ஹோட்டல் அறையில் இறந்தபோது அவருக்கு வயது 34. பிரிட்டிஷ் புல்டாக் 39. பிக் பாஸ் மேன் 41. பின்னாளில் வந்த எடி கெரேரோ 38. அமெரிக்க ஆய்வாளர்கள் 557 மல்யுத்தக்காரர்களின் கணக்கை எடுத்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 45 முதல் 54 வயதுவரை உள்ளவர்களில் இறப்பு விகிதம், அதே வயது அமெரிக்க ஆண்களைப்போல 2.9 மடங்கு. முக்கியக் காரணம் இதயநோய். இத்தனை சாவுக்கும் ஸ்டீராய்டு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. வலிமாத்திரை, கொக்கெய்ன், ஓயாத பயணம், யோகோசுனா போன்றவர்களுக்கு எடையே, எல்லாம் சேர்ந்ததுதான். ஆனால் உடம்பைப் பற்றி வாய்திறக்கக்கூடாது என்ற தொழில் தர்மம் இருந்த இடத்தில், எது எவ்வளவு உள்ளே போகிறது என்று கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. கெரேரோ இறந்த பிறகு, 2006இல்தான், கம்பெனி மருந்துச் சோதனையும் இதயச் சோதனையும் கொண்ட திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் முழுசாகக் காப்பாற்றவில்லை. அடுத்த வருடமே இன்னொரு மல்யுத்தக்காரர் கிறிஸ் பென்வா தன் மனைவியையும் மகனையும் கொன்று தற்கொலை செய்துகொண்டார். அளவுமீறி மருந்து எழுதிக்கொடுத்த குற்றத்துக்காக அவருடைய சொந்த டாக்டர் பின்னால் சிறைக்குப் போனார்.

சரி, ஊசிக்கு வருவோம். இதன்மேல் ஊரில் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு, இது குறுக்குவழி என்பது. வாயைக் கட்டத் தெரியாதவன் ஊசியைத் தேடுகிறான் என்பார்கள். செமாக்ளூடைடுக்கு நடந்த ஒரு பெரிய சோதனையே இதற்குப் பதில். 2021இல் வெளியான அந்தச் சோதனையில் 1,961 பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் உணவுக் கட்டுப்பாடும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கு மருந்து, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. 68 வாரம் கழித்துப் பார்த்தால் வெற்று ஊசிக்காரர்கள் சராசரியாக 2.4 சதவீத எடையும், மருந்து போட்டவர்கள் 14.9 சதவீதமும் இழந்திருந்தார்கள். புத்திமதி இரண்டு பக்கமும் ஒன்றுதான். மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்ததில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. பசியும் நிறைவும் மனவுறுதியின் கையில் மட்டும் இருந்தால் இப்படி நடக்காது. குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப்போல நடித்து, வயிறு காலியாவதை மெதுவாக்கி, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது இந்த மருந்து. பிளட்பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரை யாரும் குறுக்குவழிக்காரர் என்று சொல்வதில்லை. அந்த மாத்திரையை நிறுத்தினாலும் பிரஷர் ஏறத்தான் செய்யும்.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஸ்டீராய்டு கொன்றது என்று நீயே சொல்கிறாய், இதுவும் உடம்பை மாற்றும் ரசாயனம்தானே, நாளைக்கு இதற்கும் ஒரு பட்டியல் வராதா? இந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. ஃபென்ஃபுளூரமின் என்ற இளைப்பு மாத்திரை இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997இல் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டது. சிபுட்ரமினுக்கும் 2010இல் இதே கதிதான். ஆகவே ஆதாரம் கேட்பது சரியே. செமாக்ளூடைடை 17,604 இதயநோயாளிகளிடம் சோதித்தார்கள். எல்லாரும் எடை கூடியவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு மூன்றும் சேர்ந்து வெற்று ஊசிக்காரர்களில் 8.0 சதவீதம், மருந்து போட்டவர்களில் 6.5. பெரிய அற்புதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் இதயத்துக்குக் கெடுதல் செய்து விற்பனையிலிருந்து போன பழைய மாத்திரைகளின் திசைக்கு இது நேர் எதிர். குறைகளும் வெளிப்படையாகவே தெரிகின்றன: குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், பித்தப்பைக் கல், அபூர்வமாகக் கணைய அழற்சி. போகும் எடையில் கொழுப்போடு தசையும் கணிசமாகப் போகிறது. சோறும் சாம்பாரும் தின்று, புரதம் குறைவாகவே சாப்பிட்டுப் பழகிய, பளுத் தூக்கிப் பழக்கமில்லாத நமக்கு இந்தக் கடைசிக் குறை முக்கியம். தேவை இல்லாமல், கல்யாண ஆல்பத்துக்காக நாலு கிலோ குறைக்க ஊசி தேடுகிறவர் உண்மையிலேயே மல்யுத்தக்காரர் பக்கம்தான் நிற்கிறார். அவருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

மூடிமறைப்பதன் ஆபத்து ஒழுக்கத்தோடு நிற்பதில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறாக இருக்கச் சொல்வது, மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடக்கூடாது என்பதற்காக. இந்த மருந்து போட்டவருக்குப் பட்டினி கிடந்தும் வயிற்றில் உணவு மிச்சம் இருக்கலாம். அதனால்தான் 2023இல் அமெரிக்க மயக்கமருந்து டாக்டர்கள் சங்கம், வார ஊசியை ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னது. அடுத்த வருடம் வேறு சங்கங்களும் சேர்ந்து, பலருக்கு நிறுத்தத் தேவையில்லை, ஆளைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்றன. எந்த யோசனையைப் பின்பற்றுவதானாலும் டாக்டருக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். மனைவிக்கே தெரியாமல் ஊசி போடுகிறவரைத் திடீரென்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், கூட வந்தவர்கள் என்ன சொல்வார்கள்? கம்பங்கூழ் என்றா? குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்தவேண்டும். இதே வகை ஊசியான டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். சுகருக்கு ஏற்கனவே இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். இன்னொரு பக்கம், பிரேசில், பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலும் போலி செமாக்ளூடைடு பிடிபட்டதென்று உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. ரகசியமாக வாங்குகிறவரே போலி விற்கிறவருக்கு முதல் வாடிக்கையாளர்.

என் உடம்பு, என் மருந்து, ஊருக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. ஊருக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லைதான். கேட்டால் டாக்டர் பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், அது அந்தரங்கம். கம்பங்கூழ் என்று சொல்வது பொய் விளம்பரம். அதைக் கேட்டுவிட்டு மதினி ஒருத்தி ஆறுமாதம் கூழ் குடித்து, வ.உ.சி. மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து, இரண்டு கிலோ குறைந்து, தன் மனம்தான் பலவீனம் என்று முடிவு கட்டிக்கொள்வாள். மேலே சொன்ன எடைச் சோதனையில் வெற்று ஊசிக்காரர்களுக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடந்திருக்கிறது, அதை அவளிடம் சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட மதினிமார் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அங்கே பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் எடை கூடியவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 31, 28 என்று இருந்தது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டுச் சர்க்கரை நோய் விகிதம் 14.4 சதவீதம். ஐந்து வருடத்துக்குள் ஒரு மாநிலம் மொத்தமும் மனவுறுதியை இழந்துவிட்டது என்று நம்புவது கஷ்டம்.

டாலர் சம்பாதிக்கிறவன் பேச்சு என்று தள்ளவேண்டாம். அந்தக் குத்தல் நேற்றுவரை நியாயமாக இருந்தது. டிர்செபடைடு ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும், செமாக்ளூடைடு ஊசியான வீகோவி அதே வருடம் ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன, மாதாமாதம் வாங்க நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டாத விலையில். ஆனால் இந்தியாவில் செமாக்ளூடைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். அதற்குமேல் உள்நாட்டுக் கம்பெனிகளும் செய்யலாம், விலையும் இறங்கும். நம் ஊர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் எதெல்லாம் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். ஸஹோரியன்கள் பென்சில்வேனியாவில் மட்டும் பிறப்பதில்லை. மலிவு ஊசி பரவிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்றால், பெட்டிக்கு இருநூறு ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பவன் முதலில் பேசிவிடுவான்.

ஆகவே அடுத்த பொங்கலுக்கு இளைத்துப்போய் வருகிறவரைப் பிடித்துவைத்துக் கேளுங்கள். மருந்து போடுகிறாயா, எது, எவ்வளவு, யார் எழுதிக்கொடுத்தது, நிறுத்தினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னாரா, முட்டையும் பருப்பும் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, கைகால் வலுவுக்கு ஏதாவது செய்கிறாயா. ஆமாம் என்று சொல்கிறவரைக் கிண்டல் பண்ணாதிருங்கள், அடுத்தவரும் உண்மையைச் சொல்வார். நான் வரும்போது என்னிடமும் கேட்கலாம்.

அன்புடன்,
நியூஜெர்சியில் இருக்கும் உங்கள் ஊர்க்காரன்