உருக்காலையை மூடியது யார்?

அமெரிக்க அரசியலில் கொந்தளிக்கும் கோபத்துக்கு 2016-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலைத் தொடக்கமாகக் கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அக்கோபத்தின் வேர் இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் இருக்கிறது. ஒரு தேதியைச் சுட்ட வேண்டுமானால், 1977 செப்டம்பர் 19-ஐச் சுட்டலாம்.

அன்று திங்கள்கிழமை. ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் நகரையொட்டி இயங்கிய கேம்பெல் உருக்காலையின் பெரும்பகுதியை மூடுவதாக யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் நிறுவனம் அறிவித்தது. சுமார் 5,000 பேரின் வேலை போயிற்று. 'கறுப்புத் திங்கள்' என்றே அவ்வூர் மக்கள் அந்நாளைக் குறிப்பிடுகின்றனர். அடுத்த சில ஆண்டுகளில் அப்பகுதியின் பிற பெரிய ஆலைகளும் மூடப்பட்டன. 1960-இல் ஏறத்தாழ 1.66 லட்சம் பேர் வாழ்ந்த யங்ஸ்டவுனில் 2000-இல் எஞ்சியவர்கள் 82 ஆயிரம் பேர். 2020 கணக்கெடுப்பில் 60 ஆயிரம் பேர்.

ஜப்பானிய உருக்கு மலிவாகக் கிடைத்தது, அமெரிக்க உலைகள் பழையனவாகிவிட்டன, சந்தை தன் வேலையைச் செய்தது என்று பொருளாதாரப் பாடநூல்கள் இதை விளக்கும். இது பாதி உண்மை. உலைகள் ஏன் பழையனவாகவே விடப்பட்டன என்பதுதான் கேள்வி. 1969-இல் அந்நிறுவனத்தை வாங்கியது நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்னும் கப்பல் நிறுவனம். தன்னைவிடப் பெரிய ஒரு நிறுவனத்தைக் கடன் வாங்கி விழுங்கிய அது, உருக்கில் கிடைத்த வருவாயைக் கடனை அடைக்கவும் வேறு தொழில்களுக்கும் திருப்பிவிட்டது. உலைகளைப் புதுப்பிக்கப் பணம் இல்லாமல் போனதில் வியப்பில்லை.

ஊர் மக்கள் கைகட்டி நிற்கவில்லை. கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட், யூத சமயத் தலைவர்கள் ஒன்றுகூடி, தொழிலாளர்களும் பொதுமக்களும் பங்குதாரர்களாகி ஆலையை வாங்கி நடத்தும் திட்டமொன்றை வகுத்தனர். அதற்கு மத்திய அரசிடம் கடன் உத்தரவாதம் கோரினர். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த அதிபர் கார்ட்டரின் அரசு 1979-இல் அதை மறுத்தது. ஆனால், திவாலாகும் நிலையில் இருந்த கிரைஸ்லர் கார் நிறுவனத்துக்கு 150 கோடி டாலர் கடன் உத்தரவாதம் அளிக்கும் சட்டத்தில் 1980 ஜனவரியில் அதே கார்ட்டர் கையெழுத்திட்டார். அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கை யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

யங்ஸ்டவுனிலிருந்த யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் ஆலைகளைக் காப்பாற்றத் தொழிலாளர்கள் நீதிமன்றத்தை நாடினர். இத்தனை காலம் ஒரு ஊரும் ஆலையும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்ததால், ஊருக்கும் ஏதோ ஒருவகை உரிமை பிறந்திருக்கலாம் என விசாரணைக்கு முன் நீதிபதி கருத்துத் தெரிவித்தார். தீர்ப்பு எழுதும்போதோ, அத்தகைய உரிமைக்குச் சட்டத்தில் இடமில்லை என்றார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1980-இல் அதையே உறுதி செய்தது.

இதில் அதிகம் பேசப்படாத கொடுமை ஒன்று உண்டு. அமெரிக்க உருக்காலைகளில் கறுப்பினத் தொழிலாளர்கள் நெடுங்காலம் வெப்பமும் புகையும் மிகுந்த, கூலி குறைந்த பிரிவுகளிலேயே அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். அந்தச் சுவரை உடைக்கும் உடன்பாட்டில் ஒன்பது உருக்கு நிறுவனங்கள் 1974-இல்தான் கையெழுத்திட்டன. கதவு திறந்த மூன்றே ஆண்டுகளில் ஆலை மூடத் தொடங்கியது. தொழிற்சாலை வேலை பொன்னான காலம் என்று இன்று ஏங்குவோர், அக்காலம் எல்லோருக்கும் பொன்னாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1979-இல் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் தலைவராகப் பொறுப்பேற்ற பால் வோல்க்கர், பணவீக்கத்தை ஒடுக்க வட்டி விகிதம் 20 சதவீதத்தை எட்டும் அளவுக்குக் கடன் வழியை இறுக்கினார். பணவீக்கம் ஒடுங்கியது உண்மை. 1982 இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதமாக உயர்ந்ததும் உண்மையே. விலைவாசியைக் கட்டுப்படுத்தும் செலவை ஆலைத் தொழிலாளர்களே தம் வேலையால் கொடுத்தனர்.

இந்நிலையில்தான் 1981 ஆகஸ்ட் 3 அன்று விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு ஊழியர்களான அவர்களது வேலைநிறுத்தம் சட்டவிரோதமானது. அதிபர் ரீகன் 48 மணி நேர அவகாசம் கொடுத்தார். அது முடிந்ததும் 11,000-க்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கினார். வேடிக்கை என்னவெனில், முந்தைய ஆண்டுத் தேர்தலில் ரீகனை ஆதரித்த மிகச் சில தொழிற்சங்கங்களுள் இதுவும் ஒன்று. தனியார் முதலாளிகள் இதிலிருந்து தமக்கு வேண்டிய பாடத்தைக் கற்றனர். வேலைநிறுத்தம் செய்வோருக்குப் பதிலாக நிரந்தரமாக ஆட்களை அமர்த்தும் உரிமையை 1938-லேயே உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு வழங்கியிருந்தது. அதைத் துணிந்து பயன்படுத்தியவர்கள் குறைவு. 1983-இல் அரிசோனா தாமிரச் சுரங்கங்களிலும், 1985-86-இல் மின்னசோட்டாவின் ஹார்மெல் இறைச்சி ஆலையிலும் அந்தத் துணிவு வந்துவிட்டது. ஆயிரம் பேருக்கு மேல் பங்கேற்ற வேலைநிறுத்தங்கள் 1979-இல் 235, 1999-இல் 17.

ரீகன் பதவியேற்றபோது 70 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரி விகிதம் 1988-இல் 28 சதவீதமானது. குறைந்தபட்சக் கூலியோ 1981 ஜனவரி முதல் 1990 ஏப்ரல் வரை மணிக்கு 3.35 டாலரிலேயே நின்றது. நூறு பேருக்கு மேல் பணிபுரியும் நிறுவனம் ஆலையை மூட 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற எளிய சட்டமே 1988-இல்தான் வந்தது. அதிலும் ரீகன் கையெழுத்திடவில்லை, கையெழுத்தின்றியே அமலாயிற்று. (முன்னறிவிப்பு மட்டுமல்ல, அரசின் அனுமதியையும் கோரும் சட்டம் நம்மிடம் உண்டு. அதன் வரம்பை நூறு தொழிலாளர்களிலிருந்து முந்நூறாக உயர்த்திய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருப்பதைத் தில்லியில் கொண்டாடுவோர், யங்ஸ்டவுனின் கதையை ஒருமுறை படிப்பது நல்லது.)

குடியரசுக் கட்சி செய்ததை ஜனநாயகக் கட்சி திருத்தியிருக்க வேண்டும். அதுவே நிறைவு செய்தது. மெக்சிகோ, கனடாவுடனான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1993 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் 234-க்கு 200 என நிறைவேறியபோது, கிளிண்டனின் சொந்தக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்தே வாக்களித்தனர். குடியரசுக் கட்சியின் வாக்குகளே அவருக்குக் கைகொடுத்தன. ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகைக்கு வாழ்நாளில் ஐந்தாண்டு என்ற வரம்பை 1996-இல் விதித்ததும் அவரே. வங்கிகளையும் பங்குச்சந்தைத் தொழிலையும் பிரித்து வைத்த 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைகளை 1999-இல் நீக்கியபோது செனட்டில் எதிர்த்தவர்கள் எட்டே பேர். சீனாவுடன் நிரந்தர வர்த்தக உறவுக்கான சட்டம் 2000-இல் வந்தது. அவ்வாண்டு சுமார் 1.73 கோடியாக இருந்த தொழிற்சாலை வேலைகள் 2010-இல் 1.15 கோடியாகச் சுருங்கின.

வேலையை இழந்த நகரங்களுக்கு அரசு எதையுமே தரவில்லை என்று சொல்ல முடியாது, சிறைகளைத் தந்தது. 1980-இல் ஏறத்தாழ ஐந்து லட்சமாக இருந்த கைதிகளின் எண்ணிக்கை 2000-இல் இருபது லட்சத்தை நெருங்கியது.

ஒரு கட்சி தாக்க, மறு கட்சி கைவிட்டால் வாக்காளர் எங்கே போவார்? 1992-இல் எந்தக் கட்சியையும் சேராத கோடீசுவரர் ராஸ் பெரோ அந்த ஒப்பந்தத்தை எதிர்த்துப் பேசி 18.9 சதவீத வாக்குகளைப் பெற்றார். அந்த எச்சரிக்கையை இரு கட்சிகளும் பொருட்படுத்தவில்லை. பின்னர் வந்த டொனால்ட் டிரம்ப், 2017 ஜூலையில் யங்ஸ்டவுனுக்கே சென்று, வேலைகள் திரும்பி வருகின்றன, வீட்டை விற்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். 2019 மார்ச்சில் அருகிலுள்ள லார்ட்ஸ்டவுனில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார் ஆலையை மூடியது. 2020 தேர்தலில் யங்ஸ்டவுன் அடங்கிய மஹோனிங் மாவட்டம் டிரம்புக்கே பெரும்பான்மை அளித்தது. 1972-க்குப் பின் குடியரசுக் கட்சி அங்கு வென்றது அதுவே முதல் முறை.