சிரிப்புக்கு மட்டுமா சம்பளம்?

“நாலு பேரோட சிரிச்சுப் பேசத் தெரியாத பிள்ளைக்கு ஹோட்டல் வேலை சரிவராது.” ராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் பெற்றோர் சொல்வதும் இதுதான், நுவரெலியாவில் ஆளெடுப்பவர்கள் நம்புவதும் இதுதான். ஓட்டிசம், ஏடிஎச்டி போன்ற நரம்பியல் வேறுபாடுள்ள இளைஞர்களை, அதிலும் பெண்பிள்ளைகளை, வாசலோடு திருப்பி அனுப்பும் இந்த நம்பிக்கை தவறானது. அநீதியானதும்கூட.

ஹோட்டல் வேலையில் பெரும்பகுதி விருந்தினர் கண்ணில் படாமலே நடக்கிறது. கட்டில் விரிப்பை நான்கு மூலையிலும் மடித்து இறுக்கிச் செருக வேண்டும். குளியலறையில் முந்தியவரின் முடி ஒன்றுகூடக் கிடக்கக் கூடாது. சலவைக்குப் போன துவாய் எத்தனை, திரும்பியது எத்தனை என்ற கணக்குத் தப்பக் கூடாது. கடலை ஒவ்வாத விருந்தினரின் தட்டைச் சமையலறை மறந்தால் உயிருக்கே ஆபத்து. இவற்றுக்கு வேண்டியவை ஒழுங்கும் கூர்ந்த கண்ணும். ஓட்டிசம் உள்ள பலரிடம் இவை உண்டு. எல்லோரிடமும் உண்டு என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் ஒவ்வொருவரையும் வேலையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

நேர்முகப் பரீட்சை அதைச் செய்வதில்லை. கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா என்று பார்க்கிறது. விரிப்பை விரிக்கச் சொல்வதில்லை. மலையில் கொழுந்தெடுக்க வருபவளின் பேச்சுத் திறமையை எந்தக் கங்காணியும் சோதித்ததில்லை. கூடையில் விழும் கொழுந்தைத்தான் பார்த்தார்.

பெண்பிள்ளைகளுக்குத் தடை இரண்டு மடங்கு. 1943இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஓட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்த 11 பிள்ளைகளில் 8 பேர் ஆண்கள். ஆண்பிள்ளைகளை வைத்தே அடையாளங்கள் பழகிப்போனதால், மற்றவர்களைப் பார்த்துப் பேசவும் சிரிக்கவும் பழகிக்கொள்ளும் பெண்பிள்ளை கவனத்துக்கு வருவதில்லை. லயத்தில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் “கூச்சம்”, இல்லாவிட்டால் “திமிர்”. அதற்கு மேல், “பொம்பளப் பிள்ளைக்கு ஹோட்டல் வேலையா?” என்ற கேள்வி. இரவில் பஸ் இல்லை என்ற பயம் நியாயமானதே. அதற்கு ஹோட்டல் வாகனம் ஒழுங்கு செய்யட்டும். பிள்ளையின் உழைப்பை ஏன் முடக்க வேண்டும்?

“விருந்தினர் சங்கடப்படுவார்கள்” என்பார்கள். இந்தியாவின் லெமன் ட்ரீ ஹோட்டல்கள் செவிப்புலன் இழந்தோரையும் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களையும் வேலைக்கு வைத்தே வளர்ந்தன. உடல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் நடத்தும் மிட்டி கஃபே, 2023இல் இந்திய உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே திறக்கப்பட்டது. நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நடமாடும் இடத்தில் சரிவருவது நுவரெலியாவில் ஏன் சரிவராது?

நம் நாட்டுச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழப்பைக் காரணம் காட்டி ஆட்சேர்ப்பில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ராகலைக்கு வரும் வழியில் கந்தப்பளையில், மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டலானதும் அதே 1996இல்தான். தொழிற்சாலையை ஹோட்டலாக மாற்ற முடிந்த இந்தத் துறையால் ஆளெடுக்கும் முறையை மாற்ற முடியாதா?

செய்ய வேண்டியவை பெரிய செலவில்லாதவை. பத்து நிமிடப் பேச்சுக்குப் பதில் சம்பளத்தோடு ஒரு நாள் வேலைப் பரீட்சை வையுங்கள். வேலை வரிசையைத் தமிழிலும் படங்களிலும் எழுதி ஒட்டுங்கள். வேலை முறை மாறினால் முந்திய நாளே சொல்லுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கியிருக்க அமைதியான இடம் கொடுங்கள். அடுத்த ஏப்ரல் சீசனுக்கு ஆளெடுக்கும்போதே இதைத் தொடங்கலாம். பெற்றோரும் அந்த நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தைரியமாக வாசலுக்குப் போக வேண்டும்.