மூன்று பிடி மண்

மூன்று பிடி மண்தான் கேட்டோம்.

மவுத்தானவரைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, கபுறில் வைத்து, ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டால்தான் முஸ்லிம்களாகிய எங்கள் கடமை தீரும். 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி அந்த மண்ணை எங்கள் கையிலிருந்து தட்டிவிட்டது. கொரோனாவில் இறந்தவர் எவராயினும் உடலை எரிக்க வேண்டும் என்றது இலங்கை அரசு.

ஏன் என்று கேட்டோம். நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். புதைக்கலாம், எரிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே வழிகாட்டியிருந்தது. 2003இல் சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், இலங்கையில் பிறந்த மலிக் பீரிஸ். கொரோனா தண்ணீரில் பரவும் நோயல்ல என்று அவரே சொன்னார். யார் காதில் ஏறியது?

நீதி கேட்டுப் போனோம். 2020 டிசம்பர் 1ஆம் திகதி உயர் நீதிமன்றம் எங்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்தது, காரணம்கூடச் சொல்லவில்லை. அடுத்த வாரமே, பிறந்து இருபதே நாளான ஒரு பிள்ளையை, பெற்றோர் சம்மதிக்காமலே பொரளை மயானத்தில் எரித்தார்கள். யா அல்லாஹ்! பால் மணம் மாறாத அந்த உடம்பு எந்தக் கிணற்றைக் கெடுத்திருக்கும்? மயான வாசலில் வெள்ளைத் துணி கட்டி அழுதோம். எங்களோடு சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள். அந்தத் துணியையும் விட்டுவைக்கவில்லை.

2021 பெப்ரவரிக் கடைசியில் அடக்க அனுமதி வந்தது. பத்து மாதத்தில் மண் மாறிவிட்டதா, தண்ணீர் மாறிவிட்டதா? அப்போதும் சொந்த ஊர் மையவாடி கிடைக்கவில்லை. கொழும்பில் மவுத்தானவரையும் கிழக்கிலுள்ள ஓட்டமாவடிக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தூர மண்ணில் கிடக்கிறார்கள். அவர்களுக்காவது கபுறு இருக்கிறது. எரிக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் எங்கே போய் நின்று ஸலாம் சொல்வார்கள்?

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டதை மறுக்கவில்லை. ஆனால் தவறு தானாக நடக்கவில்லை; யாரோ எழுதினார்கள், யாரோ கையெழுத்திட்டார்கள். எந்த ஆய்வைப் பார்த்து எங்கள் ஜனாஸாக்களை எரித்தீர்கள்? அந்த ஆய்வை நாட்டின் முன் வையுங்கள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள். முடிவெடுத்தவர்களை விசாரியுங்கள். நாளை இன்னொரு நோய் வரும்; அன்று இன்னொரு சமூகத்தின் மையித்து இப்படி அநாதையாகக் கிடக்கக் கூடாது.

போட முடியாமல் போன அந்த மூன்று பிடி மண் இன்னும் எங்கள் கையில்தான் கனக்கிறது.